பத்தாவது முடித்த தம்பிக்கு லேத், சிஎன்சி வேலை: வேலூர்ப் பக்கம் காசுக்கு ஏற்ற படிப்பு எது?

பள்ளிகொண்டா அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பள்ளிகொண்டா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். தம்பி இந்த வருஷம் பத்தாவது பாஸ். அரசுப் பள்ளி, 312 மார்க். கணக்கு நன்றாக வரும், இங்கிலீஷ் சுமார்.

எங்கள் தெருமுனையில் ஒரு லேத் (கடைசல் மெஷின்) பட்டறை இருக்கிறது. டிராக்டர் ஷாஃப்ட், தோல் ஷாப் டிரம்முக்கான பேரிங் ஹவுசிங், இப்படி வேலை வரும். இரண்டு வருஷமாகத் தம்பி சாயங்காலம் ஆனால் அங்கேதான் கிடப்பான். பிளஸ் ஒன் வேண்டாம், மெஷினிஸ்ட் ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எனக்கும் சரி என்றுதான் படுகிறது. ஆனால் எங்கே சேர்ப்பது?

ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் விசாரித்தேன். மெக்கானிக்கல் டிப்ளமாவுக்கு வருஷம் 45,000, பஸ் தனி. சென்னையில் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் மெஷின்) சென்டர்க்காரர்கள் தினமும் போன் செய்கிறார்கள். மூன்று மாதம், 38,000 ரூபாய், வேலை உத்தரவாதம் என்கிறார்கள். அரசு ஐடிஐ என்று நான் வாயெடுத்தாலே அப்பா, "அது படிப்பு வராத பசங்க போற இடம்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

கையில் இருப்பது சீட்டுப் பணம் நாற்பதாயிரம். கடன் வாங்க மனசில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். டர்னர், மெஷினிஸ்ட் என்று இரண்டு பிரிவு இருக்கிறதாமே, எதை எடுப்பது?

---

ராணிப்பேட்டை செட்டர் எழுதியது:

தங்கச்சி, அந்த 38,000 ரூபாய் கோர்ஸை முதலில் ஓரமாக வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல், மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கிற செட்டராக இருந்துவிட்டு, இப்போது சிப்காட் பக்கத்தில் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு சாதா லேத், ஒரு மில்லிங், ஒரு சிஎன்சி டர்னிங், தவணை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஎம்சி, அதாவது சிஎன்சி மில்லிங் மெஷின். வேலை கேட்டு வருகிற பையனிடம் சர்டிபிகேட்டைக் கடைசியில்தான் வாங்கிப் பார்ப்பேன். முதலில் ஃபோர் ஜா சக்கில், அதாவது லேத்தின் நான்கு தாடைப் பிடியில், ஒரு ரவுண்டு பாரை மாட்டி ட்ரூ பார்க்க, அதாவது சரியாக மையத்துக்குக் கொண்டுவரச் சொல்வேன். டயல் கேஜை (முள் காட்டும் அளவுமானி) வைத்துச் சக்கைக் கையால் சுற்றினால் முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 0.20 மி.மீ. ஓடுகிறது. பாரை எவ்வளவு தள்ள வேண்டும்? பாதிதான், 0.10. முள் காட்டுவது மையம் விலகியதன் இரண்டு மடங்கு. எதிர் ஜாவைக் கொஞ்சம் தளர்த்தி, இந்தப் பக்கம் இறுக்கி, மறுபடி சுற்ற வேண்டும். மூன்று மாதக் கோர்ஸ் முடித்து வருகிற பையன்கள் முக்கால்வாசிப் பேர் 0.20-ஐயும் முழுசாகத் தள்ளிவிட்டு, முள் மறுபக்கம் ஏறியதும் என்னைப் பார்த்து முழிப்பார்கள்.

அடுத்தது சிஎன்சி. வரைபடத்தில் விட்டம் 30.00. ஜாப் (கடைந்த துண்டு) 30.04 வந்திருக்கிறது. வேர் ஆஃப்செட்டில், அதாவது டூல் தேய்மானத்துக்குக் கொடுக்கும் திருத்தத்தில், எக்ஸுக்கு என்ன போடுவாய்? இதற்கு மைனஸ் 0.04, முழுசாக. டர்னிங்கில் எக்ஸ் விட்டக் கணக்கில் ஓடுகிறது, பாதியாக்கும் வேலையைக் கன்ட்ரோலே பார்த்துக்கொள்ளும். அங்கே ஏன் பாதி, இங்கே ஏன் முழுசு என்று சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்த பையன் நாளைக்கே வேலைக்கு வரலாம். எங்கே படித்தான், எவ்வளவு கட்டினான் என்றுகூடக் கேட்க மாட்டேன்.

இந்த அறிவு திரையில் பட்டன் அமுக்கி வராது. சாதா லேத்தில் கைப்பிடி சுற்றிச் சுற்றி வரவேண்டியது. அதனால் படிப்பின் மதிப்பை நான் ஒரே கணக்கில்தான் போடுவேன்: கட்டுகிற காசுக்குப் பையன் கை எத்தனை மணி நேரம் மெஷின் மேல் இருக்கும்? அந்த மூன்று மாத சென்டர் போன்றவற்றில் பல இடத்தில் ஒரே ஒரு சிஎன்சியும் நிறைய கம்ப்யூட்டரும்தான். சிமுலேட்டரில் ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளை) அடிப்பார்கள். மெஷின் முறை வரும்போது கூட்டமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வேலை உத்தரவாதம் என்பது ஏதோ ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் லோடிங் அன்லோடிங் ஆளாக அனுப்புவதாக முடியும். அதற்கு 38,000 எதற்கு? சும்மா போனாலே எடுத்துக்கொள்வார்கள்.

அரசு ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட் இரண்டும் இரண்டு வருஷம். பத்தாவது பாஸ் போதும். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. தம்பி ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 தனியாக வரும். ஆக அவன் படிக்க நீங்கள் காசு கட்டுவது போய், அவனுக்கு மாதம் 1,750 வரும். உங்கள் சீட்டுப் பணம் அப்படியே இருக்கட்டும், பின்னால் வேலை இருக்கிறது அதற்கு.

உங்களுக்கு அப்துல்லாபுரம் ஐடிஐதான் வசதி. விமான நிலையம் இருக்கிற அதே அப்துல்லாபுரம், வேலூர் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரக்கோணத்திலும் அரசு ஐடிஐ உண்டு. ஆனால் பெயரைக் கேட்டுச் சேர்க்காதீர்கள். வேலை நாளில் ஒரு தடவை நேரில் போய் நில்லுங்கள். லேத் தட்டில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, தூசி படிந்திருக்கிறதா? டூல் பிட்டை (இரும்பை வெட்டும் உளி) பையன்களே கிரைண்டரில் தீட்டுகிறார்களா? மைக்ரோமீட்டர் அவர்கள் கையில் இருக்கிறதா, பீரோவில் பூட்டி இருக்கிறதா? நான் ஒரு தனியார் ஐடிஐயில் பார்த்த மைக்ரோமீட்டருக்கு ஃபேக்டரியில் தடவிய கிரீஸ்கூடக் காயவில்லை, அட்டைப் பெட்டியோடு ஷோகேஸில் இருந்தது. அதற்கு வருஷ ஃபீஸ் வேறு.

தனியார் என்றால் இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் சேர்க்கிற அதே பிரிவுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில்) அங்கீகாரம் இருக்க வேண்டும். ஐடிஐக்கு இருக்கிறது, ஃபிட்டருக்கு இருக்கிறது, மெஷினிஸ்ட்டுக்கு இல்லை என்றெல்லாம் நடக்கும். ரயில்வே, பெல் (பிஎச்இஎல்) மாதிரி இடங்களில் அந்தச் சான்றிதழ்தான் கேட்பார்கள்.

டர்னரா மெஷினிஸ்ட்டா? என் ஓட்டு மெஷினிஸ்ட்டுக்கு. லேத்தும் வரும், மில்லிங், ஸ்லாட்டிங், கிரைண்டிங் எல்லாம் கூடவே வரும், இரண்டாம் வருஷத்தில் சிஎன்சி டர்னிங், விஎம்சி இரண்டும் பாடத்தில் உண்டு. டர்னர் லேத்தில் ஆழமாகப் போகும். தெருமுனைப் பட்டறை மாதிரி ஒன்று வைப்பதுதான் ஆசை என்றால் டர்னர். கம்பெனிக்குப் போக ஆசை என்றால் மெஷினிஸ்ட். மெஷினிஸ்ட் கிடைக்காமல் டர்னர் கிடைத்தால் அதற்காக அழ வேண்டாம்.

---

ஓசூர் டூல்ரூம் எழுதியது:

செட்டர் அண்ணன் சொன்னதில் அந்த சென்டர் விஷயத்துக்கு நூறு சதவீதம் சம்மதம். ஆனால் ஐடிஐயோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் குடியாத்தம் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு ஓசூரில், அச்சும் கருவியும் செய்கிற ஒரு டூல்ரூமில் இருக்கிறேன். என்னோடு சேர்ந்த ஐடிஐ பையன்களில் கை வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ப்ரோக்ராமிங், ஃபிக்சர் (ஜாப்பைப் பிடித்து நிறுத்தும் கருவி) டிசைன், சூப்பர்வைசர் என்று இடம் காலியானால் மேனேஜ்மென்ட் டிப்ளமா இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறது. நியாயமா என்றால் இல்லை. ஆனால் நடப்பு அதுதான்.

தனியார் பாலிடெக்னிக்குக்கு 45,000 கட்டச் சொல்லவில்லை. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான், 312 மார்க்குக்குக் கலந்தாய்வில் முயற்சி செய்து பார்க்கலாம். டூல் அண்ட் டை படிப்பு என்றால் அது தனி உலகம். அதற்கான பயிற்சி மையங்களில் பெங்களூரு ஜிடிடிசி கர்நாடக அரசுடையது, ஹைதராபாத் பாலாநகரில் உள்ள சிஐடிடி மத்திய அரசுடையது, 1968-ல் தொடங்கியது. இரண்டிலும் பத்தாவது முடித்தவர்களுக்கு நீண்ட டூல் அண்ட் டை டிப்ளமா உண்டு, மெஷினில் நிறைய நேரம் நிற்க விடுவார்கள். என்டிடிஎஃப் என்ற பயிற்சி நிறுவனத்துப் பையன்களுக்கும் எங்கள் டூல்ரூமில் நல்ல மரியாதை. ஆனால் கட்டணம், விடுதி, சாப்பாடு என்று கூட்டினால் உங்கள் நாற்பதாயிரம் முதல் வருஷத்தையே தாண்டாது. அதைச் சொல்லாமல் ஆசை காட்டக்கூடாது.

---

அரம் போட்ட கை எழுதியது:

அக்கா, நான் இந்தப் பக்கத்து அரசு ஐடிஐ ஒன்றில் இரண்டாம் வருஷம். அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங் டெக்னீஷியன் என்று ஒரு புதுப் பிரிவு, அதில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தினார்களே, அதில் வந்த பிரிவு. கலந்தாய்வில் இதையும் கேட்டுப் பாருங்கள். மெஷினிஸ்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

உங்கள் அப்பா சொன்னதைத்தான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். பெண் பிள்ளை வேறு. இப்போது மாதாமாதம் உதவித்தொகையும் புதுமைப்பெண் பணமும் அக்கவுன்ட்டில் விழுகிறது, பஸ் பாஸ் இலவசம், சைக்கிள், புத்தகம், சீருடை, ஷூ எல்லாம் கொடுத்தார்கள். யாரும் பேசுவதில்லை.

தம்பியிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன உடனே மெஷின் கிடைக்காது. முதலில் வைஸில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி அரம் போடவிடுவார்கள். காலையில் தொடங்கினால் மதியம் வரை அரம்தான். நான்கு பக்கமும் செங்கோணம் வரவேண்டும். ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். அந்த இடத்தில் போடப் போனால் வேறு இடம் பள்ளமாகிவிடும். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் தடித்துப்போகும். எங்கள் பேட்ச்சில் நின்றுபோனவர்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தில்தான் நின்றார்கள். ஏற்கெனவே பட்டறையில் லேத் ஓட்டிப் பார்த்த பையனுக்கு இது ரொம்பவே எரிச்சலாக இருக்கும்.

ஓசூர் அண்ணனுக்கு: ஐடிஐ இரண்டு வருஷம் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் வருஷம் சேரலாமே? எங்கள் சீனியர்கள் சிலர் அப்படித்தான் போனார்கள். அப்புறம், பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டு பாடம் மட்டும் எழுதினால் பன்னிரண்டாவதுக்குச் சமமான சான்றிதழும் கிடைக்கிறது. எங்கள் அம்மா வாயை அடைத்தது அதுதான்.

---

ஓசூர் டூல்ரூம் எழுதியது:

சேரலாம், சரிதான் தங்கச்சி. 2 வருஷ ஐடிஐ, 2 வருஷ டிப்ளமா. நேரடி டிப்ளமாவைவிட ஒரு வருஷம் அதிகம், ஆனால் கை பழகியிருக்கும். காசு இறுக்கமான வீட்டுக்கு அது நல்ல வழிதான். ஐடிஐ முடித்ததும் சம்பளம் கண்ணில் பட்டுவிட்டால் பலர் திரும்பப் படிக்கப் போவதில்லை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பள்ளிகொண்டா அக்கா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பன்னிரண்டாவது சமம் என்பதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

இரண்டு சந்தேகம். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பத்தாவது முடித்ததுமே மெஷினிஸ்ட் அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) எடுக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? அப்படியென்றால் ஐடிஐ எதற்கு? இன்னொன்று, செட்டர் அண்ணன் சீட்டுப் பணத்துக்குப் பின்னால் வேலை இருக்கிறது என்றீர்களே, என்ன அது? அம்மாவுக்கு ஒரு பயமும் இருக்கிறது. பட்டறைக்காரருக்கு ஒரு விரல் பாதி இல்லை.

---

ராணிப்பேட்டை செட்டர் எழுதியது:

ஐசிஎஃப் உண்மைதான். பெரம்பூரில். பத்தாவது முடித்த புதியவர்களையும் எடுக்கிறார்கள், மெஷினிஸ்ட்டுக்கு இரண்டு வருஷப் பயிற்சி. கடந்த சில வருஷ அறிவிப்புகளில் பத்தாவது படித்தவருக்கு மாதம் 6,000, ஐடிஐ முடித்தவருக்கு 7,000 உதவித்தொகை. புதியவர்களுக்குப் பத்தாவதில் 50 சதவீதம் கேட்பார்கள், 312-க்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் மார்க் வரிசையில்தான் எடுப்பார்கள், போட்டி கடுமை. அறிவிப்பு வந்தால் போட்டு வைக்கட்டும். அதை நம்பி ஐடிஐ விண்ணப்பத்தை விட்டுவிடக் கூடாது.

ஐடிஐ முடித்த பிறகான அப்ரன்டிஸ்தான் இந்தத் தொழிலில் உண்மையான கல்லூரி. 1961-ஆம் வருஷ அப்ரன்டிஸ் சட்டப்படி நடப்பது அது. 2019 விதித் திருத்தத்தில் ஐடிஐ சான்றிதழ் இருக்கிறவருக்குக் குறைந்தபட்சம் 7,000 என்று வைத்தார்கள், கம்பெனி அதற்கு மேலும் கொடுக்கலாம். நம் பக்கம் பெல் எடுக்கும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ராணிப்பேட்டை பெல் கொதிகலன் துணைக் கருவிகள் செய்கிற ஆலை, அங்கே தகடு வெட்டி வெல்டிங் அடிக்கிற வேலைதான் மிகுதி. வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் இடம் நிறைய, மெஷினிஸ்ட்டுக்குக் குறைவு. மெஷினிங் கற்க ஆசைப்படுகிற பையன் சோளிங்கர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்ப் பக்கம் வாகன உதிரி பாகம் செய்கிற கம்பெனிகளில் அப்ரன்டிஸ் தேடுவது நல்லது. பனப்பாக்கத்தில் டாடா கார் ஆலைக்கு 2024-ல் அடிக்கல் போட்டதிலிருந்து இங்கே எல்லார் பேச்சும் அதுதான். கார் ஆலைக்குள்ளே மெஷினிஸ்ட் வேலை கொஞ்சம்தான், அதற்கு உதிரி பாகம், ஃபிக்சர் செய்து கொடுக்கிறவர்களிடம்தான் அதிகம்.

சீட்டுப் பணம் அங்கேதான். அப்ரன்டிஸ் வெளியூர் என்றால் ரூம் அட்வான்ஸ், முதல் இரண்டு மாதச் சாப்பாடு, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே செலவு செய்வதென்றால் ஒரு நல்ல வெர்னியர் வாங்கிக் கொடுங்கள், 0.02 மி.மீ. அளவு. மிட்டுடோயோ மாதிரி விலை அதிகமான பிராண்டு வேண்டாம், இப்போதைக்கு அது ஆடம்பரம். டிஜிட்டலும் வேண்டாம், கோடு பார்த்துப் படிக்கக் கற்கட்டும். மிச்சத்தில், இரண்டாம் வருஷம் முடிகிற சமயம் கேட்-கேம் (கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினுக்குக் கட்டளை தயாரிப்பது) ஏதாவது கற்க ஆசைப்பட்டால் அப்போது பணம் கட்டலாம். அடிப்படை இருக்கிற பையனுக்கு அந்தக் கோர்ஸ் பிரயோஜனப்படும்.

விரல் விஷயம். அம்மா பயப்படுவதில் தப்பே இல்லை. லேத் ஓடும்போது கையுறை போடக்கூடாது, சுருளைக் கையால் இழுக்கக்கூடாது, சக் கீயை (சக்கை இறுக்கும் சாவி) சக்கிலேயே விட்டு மெஷினைப் போடக்கூடாது. நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்று. தெருமுனைப் பட்டறையில் கையுறையோடு எமரி தாள் பிடிக்கிற பழக்கம் உங்கள் தம்பிக்கு ஒட்டியிருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள். ஐடிஐயில் முதல் பாடமே பாதுகாப்புதான், ஆனால் முன்னால் ஒட்டிய பழக்கம் லேசில் போகாது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், மே, ஜூனில் திறப்பார்கள். கட்டணம் 50 ரூபாய். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எடுத்து வையுங்கள். வேலூர், அரக்கோணம் இரண்டையும் போடுங்கள். அங்கே இருக்கிற பிரிவுகளைப் பார்த்து மெஷினிஸ்ட், அட்வான்ஸ்டு சிஎன்சி, டர்னர் என்ற வரிசையில் கேளுங்கள். ஃபிட்டரும் கெட்டதில்லை, ஆனால் உங்கள் தம்பி அதற்கு ஆசைப்படவில்லையே.

---

பள்ளிகொண்டா அக்கா எழுதியது:

கையுறை விஷயம் கேட்டேன் அண்ணா. போடுவானாம், பட்டறைக்காரரே கொடுத்தாராம். இன்றைக்கே அவனிடமிருந்து அதை வாங்கி வைத்துவிட்டேன். அப்துல்லாபுரம் போக லீவு சொல்லியிருக்கிறேன், அப்பாவும் வருகிறேன் என்கிறார். அதற்கு முன்னால் உங்கள் பட்டறையைத் தம்பி ஒரு தடவை பார்க்கலாமா? விஎம்சியை அவன் வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

---

ராணிப்பேட்டை செட்டர் எழுதியது:

தாராளமாக. எப்படி வருவது என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள், அப்போது விஎம்சியில் செட்டிங் மாற்றுவேன், நின்று பார்க்கலாம். அரைக்கைச் சட்டை, மூடிய ஷூ. கையில் கயிறு, காப்பு இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.